அக்காவின் பட்டறையில் வந்த நடுக்கம்

தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மோட்டாரின் மேல் சின்ன சென்சர் ஒன்றை ஒட்டி, அது எப்படி அதிர்கிறது என்று கணினியில் பார்ப்போம். விநாடிக்கு எத்தனை முறை நடுங்குகிறது என்று தெரிந்தால், என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்லிவிடலாம். அந்த வேகத்திலேயே நடுக்கம் அதிகமாகத் தெரிந்தால், பெரும்பாலும் சுற்றும் பாகத்தின் எடை ஒரு பக்கமாகக் கூடியிருக்கும். இதையெல்லாம் வீட்டில் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அக்காதான் ஒரு நாள் எனக்குப் போன் எடுத்தாள். எஹலியகொட டவுனில் சின்ன அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, அவள் மாணிக்கக் கல் பட்டை தீட்டுகிறாள்.

"தங்கச்சி, பட்டையில கோடு கோடா விழுதுடி. காலையில நல்லா வருது, மத்தியானத்துக்கு மேல கெட்டுப்போகுது. மோட்டாருக்கு பேரிங் மாத்தியும் அப்பிடியேதான் இருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

லீவு நாளில் மத்தியானத்துக்கு மேல் போனேன். சுவரோடு சேர்த்து முடுக்கிய மேசை. அதில் மோட்டாரும், பெல்ட் இழுத்துச் சுற்றும், கல்லைத் தீட்டும் தட்டும் இருந்தன. என் போனிலேயே அதிர்வைக் கோடாக வரைந்து காட்டும் ஆப் இருக்கிறது. போனை மேசையில் டேப் போட்டு ஒட்டி, மோட்டாரை ஓடவிட்டேன். தட்டின் வேகத்தில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. மோட்டாரின் வேகத்தில் பெரிய மேடு.

"மோட்டார்லதான் கோளாறு" என்றேன்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "இப்பதானேடி அதுக்குச் செலவு பண்ணுனேன்!"

வயரைக் கழற்றி மோட்டாரைத் தரையில் இறக்கினோம். திறந்து கையால் சுற்றினால் வெண்ணெய் மாதிரி ஓடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன், அந்தப் பெரிய மேடு அப்படியே நின்றது. மோட்டார் தரையில் கிடக்க, மேசை எப்படி நடுங்கும்? அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்க தொட்டுப் பாரு."

சுவர் துடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மிளகாய் மில். அதிலும் இதே வகை மோட்டார், இதே வேகம். அதனால்தான் போனில் தெரிந்த கோடு என்னை ஏமாற்றிவிட்டது. மில்லில் மத்தியானத்துக்குப் பிறகுதான் அரைப்பார்கள்.

மில்லை நடத்துவது ஒரு சிங்கள அம்மா. "சண்டைக்கு வந்த மாதிரி ஆயிடக் கூடாது. எனக்கு ஒண்ணுன்னா அவங்கதான் மொத ஆளா ஓடியாறவங்க" என்று அக்கா தயங்கினாள். நானே போய்ச் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லி, மில்லின் மேல் போனை ஒட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"போனை வச்சு மில்லுக்குக் காய்ச்சல் பாக்கப் போறியா, நங்கி?" என்று தங்கச்சி முறை வைத்துக் கேட்டார்.

மில்லில் அதே மேடு பல மடங்கு உயர்ந்து நின்றது. நிறுத்தித் திறந்தோம். உள்ளே சுற்றி மிளகாயை இடிக்கும் இரும்புத் துண்டுகளில் ஒன்று முனை உடைந்திருந்தது. அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயோ, மில்லப் புடிச்சா கை மரத்துப்போறது வயசாயிட்டதாலன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

எடை ஒத்திருக்க வேண்டும் என்பதால் எல்லாத் துண்டுகளையும் சேர்த்தே மாற்றினார். மில்லுக்கு அடியில் தடித்த ரப்பர் விரித்தார். நாங்கள் மேசையைச் சுவரிலிருந்து விலக்கிப் போட்டோம்.

அடுத்த முறை போனபோது மில்லும் ஓடியது, அக்காவும் வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு மஞ்சள் புஷ்பராகத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டினாள். கீறல் ஒன்றுகூட இல்லை. அவள் அடுத்த பட்டைக்குத் திருப்ப, நான் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தேன். அத்தனை இரைச்சலிலும் எப்படித்தான் தூங்கினேனோ, கண் விழித்தபோது நான் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

"நல்லதாப் போச்சு. கறி வாங்கியாறேன், இருந்துட்டு நாளைக்குப் போ."