இஸ்திரி மேசைக்கு மேலே ஒரு கனெக்டர்

அந்த வயர்மேனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தொழிலில் இருப்பவர்கள் யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. அவர்களுக்கு அவர் புறங்கைக்காரர். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் ஸ்விட்ச் போர்டு எங்கே என்று தேடிப் போவார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கையை வைக்கமாட்டார். கரண்ட் கசிந்தால் உள்ளங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை தானாக உதறிக்கொள்ளும். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், செத்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே போர்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இங்கே எங்கேயோ லூஸ் இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அவர் மனைவிக்கு அன்றைக்குப் போன மானம் இன்னும் திரும்பி வரவில்லை.

பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தவர்கள் உண்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். ஆனால் இவர் பேயை நேரிலேயே பார்த்தவர். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு துணிக்கடைக்கு வயரிங் செய்தார். ஒவ்வொரு கனெக்டரிலும் வயரைச் சொருகி, ஸ்க்ரூவைத் தன் கையாலேயே முறுக்கினார். மறுவருஷம் கடை எரிந்தது. பூட்டியிருந்த நேரம் என்பதால் ஆள் சேதம் இல்லை. கரிந்த போர்டிலிருந்து எடுத்த கனெக்டரை, தீக்குக் காரணம் ஆராய வந்த மின் இன்ஸ்பெக்டர் அவர் கையில் கொடுத்தார். விரல் நுனி பட்டதுமே ஸ்க்ரூ சுற்றியது.

அவர்மேல் தப்பில்லை, இன்ஸ்பெக்டரே சொன்னார். லோடு ஏறினால் கம்பி சூடாகும், இறங்கினால் ஆறும். இப்படிச் சூடாகியும் ஆறியும் ஸ்க்ரூவுக்கு அடியில் கம்பி நசுங்கி இளைத்துப்போகும், பிடி தளரும், பொறி பறக்கும். யார் முறுக்கினாலும் இதுதான் கதி. தப்பு உங்கள்மேல் இல்லை என்றால் மற்றவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். இவருக்கு அங்கேதான் குலை நடுங்கியது. அப்படியானால் இதுவரை முறுக்கியது எல்லாமே ஒருநாள் தளரும் அல்லவா?

அந்தப் பயம் பெற்ற பிள்ளைதான் அவருடைய கனெக்டர். ஸ்க்ரூ நேராகக் கம்பியைக் குத்தாமல் நடுவில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையில் வில்போல் வளைந்த மெல்லிய எஃகுத் துண்டு. கம்பி இளைக்க இளைக்க அந்த வில் நிமிர்ந்து பித்தளையை அழுத்திக்கொண்டே இருக்கும். வில்லின் ஓரத்தில் இருக்கும் பல் ஸ்க்ரூவைப் பின்பக்கம் சுற்ற விடாது. தெரிந்த லேத் பட்டறையில் உட்கார்ந்து அடித்து, வளைத்து, உடைத்து, திட்டு வாங்கி ஒருவழியாகச் செய்து முடித்தார்.

விஷயம் காற்றில் பரவி, ஒரு கனெக்டர் கம்பெனியின் மேனேஜர் தேடி வந்தார். சிரித்த முகம், இனிக்க இனிக்கப் பேச்சு. வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மாதிரியைப் பார்த்தார். பொருள் அருமை, எஃகு வில்லுக்குப் பதிலாகச் சாதாரணத் தகரத்தில் வில் செய்தால் விலை பாதியாகும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதானே இருக்கும் என்றார். புறங்கைக்காரர் மாதிரியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தகர வில் ஆறே மாதத்தில் செத்துவிடும். பாதுகாப்பானது என்று நம்பி வாங்கியவன் போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். பழைய கனெக்டரைவிட அது பெரிய எமன். காப்புரிமை தன் கையில் இருந்தால்தான் இதை யார் செய்யலாம், எதில் செய்யலாம் என்று தான் சொல்ல முடியும் என்று யாரோ யோசனை சொல்ல, அவர் காப்புரிமை வழக்குகள் நடத்தும் ஒரு பெண் வக்கீலைத் தேடிப் போனார்.

வக்கீல் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "எழுதிக் குடுத்த அந்த மேனேஜரையும் பட்டறைக்காரரையும் விட்டா, இதுக்கு முன்னாடி வெளியாள் யாராவது இதைப் பாத்திருக்காங்களா?"

"யாரும் பாக்கல மேடம்" என்றார் புறங்கைக்காரர், யோசிக்காமலே.

விண்ணப்பம் போட்டார்கள். காப்புரிமை அலுவலகத்து விசாரணை அதிகாரி லேசில் விடவில்லை. ஸ்க்ரூ பழசு, தகடு பழசு, வில்லும் பழசு. மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டால் அது புதுசாகிவிடுமா என்று கேட்டார். இளைக்கிற கம்பியைத் துரத்திப் பிடிப்பதும், ஸ்க்ரூவைப் பின்னால் போகாமல் தடுப்பதும் ஒரே வில் செய்கிற வேலை, இதை இதுவரை யாரும் யோசித்ததில்லை என்று வக்கீல் வாதாடினார். அதிகாரி மாதிரியைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். காப்புரிமை கிடைத்தது. அன்று புறங்கைக்காரர் எந்தப் போர்டையும் தொடாமல் வீடு வந்து சேர்ந்தார் என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. கொடுத்த காப்புரிமையை எதிர்க்கவும் அவகாசம் உண்டாம். அந்த மேனேஜரின் கம்பெனி எதிர்த்தது. அவர் வேலை செய்த கடை, வீடு, பட்டறை எல்லாவற்றிலும் ஆள் அனுப்பிப் போர்டுகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறது என்று வக்கீல் சொன்னார். எதற்கு என்று கேட்டார் இவர். விண்ணப்பம் போட்ட நாளன்று அது உலகத்துக்குப் புதுசாக இருந்திருக்க வேண்டும், அதற்கு முன்பே எங்காவது பயன்பாட்டில் இருந்திருந்தால் எல்லாம் போயிற்று என்றார் வக்கீல். ஒருத்தர் புதுவிதமான பூட்டு ஒன்றைச் செய்து, விண்ணப்பம் போடுமுன் மச்சான் கடைக் கதவில் மாட்டினாராம். பூட்டின் வேலையெல்லாம் கதவுக்கு உள்ளேதான், ஒருவரும் பார்க்கவில்லை. ஆனாலும் உரிமை ரத்து. பார்த்தார்களா என்பது பேச்சில்லை, நினைத்தால் திறந்து பார்த்திருக்கலாம், அது போதும்.

புறங்கைக்காரருக்குப் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. விண்ணப்பத்துக்கு முன்பே அவர் ஓர் இடத்தில் மாட்டியிருந்தார். அவர் மனைவி வேலை பார்க்கும் தையல் கூடம் அது. அவள் துணி தேய்க்கும் இஸ்திரி மேசைக்கு நேர் மேலே போர்டு. எத்தனை தடவை முறுக்கினாலும் அந்தப் போர்டு சுட்டுக்கொண்டே இருந்தது. பொறுக்கமுடியாமல் தன் கனெக்டரைப் போட்டு மூடியை மூடிவிட்டார். மூடி மூடியபின் உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது வயர்மேன் நியாயம். அந்த நியாயத்தில்தான் வக்கீலிடம் அப்படிப் பதில் சொன்னார். இப்போது சொன்னால் காப்புரிமை போகும், தகர வில் வரும். சொல்லாவிட்டாலும் கம்பெனி ஆட்கள் இன்றோ நாளையோ அந்த மூடியைத் திறப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரே வழிதான் தோன்றியது. மறுநாள் பழைய மாதிரிக் கனெக்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு தையல் கூடத்துக்குப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தார். உள்ளே கம்பி புதுச் செம்பாக மின்னியது. பிளாஸ்டிக் துளிகூட மஞ்சளாகவில்லை. மூன்று வருஷம் அத்தனை இஸ்திரிப் பெட்டிகளின் லோடைத் தாங்கியும் ஸ்க்ரூ மயிரிழை அசையவில்லை. தன் வேலை இவ்வளவு ஜெயித்திருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியவர், திருடனைப்போல் வாசலைப் பார்த்துப் பார்த்து அதைக் கழற்றினார். பழையதைப் போட்டு, துணிக்கடையில் முறுக்கியதுபோலவே பலம்கொண்டமட்டும் முறுக்கினார்.

பெண்கள் திரும்பி வந்தார்கள். மனைவி தன் இடத்தில் வந்து நின்று, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு சட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். மெயினைப் போடச் சொல்லி சூப்பர்வைசர் கத்தினார். புறங்கைக்காரர் மெயின் மேல் கையை வைத்தார். இன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கும் ஆகாது. என்றைக்கு என்றுதான் தெரியாது, அவளுக்குத் தெரியவே தெரியாது. சூப்பர்வைசர் இன்னொரு தடவை கத்தினார். புறங்கைக்காரர் மெயினைப் போடவில்லை. திரும்பவும் மூடியைத் திறந்து, பழையதைப் பிடுங்கிப் பைக்குள் எறிந்துவிட்டு, தன் கனெக்டரையே இருந்த இடத்தில் மாட்டினார்.

மனைவி பக்கத்தில் வந்தாள். "என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

அவளிடம் பொய் சொல்ல அவருக்கு வராது. கம்பெனி, தகரம், பூட்டு, வக்கீலிடம் சொன்ன பதில், இப்போது செய்ய வந்தது என்று எல்லாவற்றையும் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே சொல்லி முடித்தார். வக்கீலிடம் இன்றைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், காப்புரிமை போனால் போகட்டும், உன் தலைக்கு மேல் இதுதான் இருக்கும் என்றார். சொன்னபோது அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவள் போர்டை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் பொழச்சேன், சரி. அந்தத் தகர வில்லு எவ தலைக்கு மேல வரப்போகுது?"

மெயினைப் போட்டதும் கூடம் முழுக்க மெஷின்கள் இரைய ஆரம்பித்தன. அவள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். அவள் கேட்ட அந்தத் தலைகளில் ஒன்றைக்கூட அவருக்குத் தெரியாது. தெரியாததால்தான் சற்றுமுன் அத்தனை பேரையும் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க முடிந்திருக்கிறது என்று உறைத்ததும், அவருக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது.