பஞ்சு ஒட்டாத செயின்

ராஜபாளையத்தில் நாங்கள் இருந்தபோது, எங்கள் வீட்டுச் சைக்கிள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை நடுரோட்டில் கவிழ்த்தது. முன்பாரில் நான், கேரியரில் அம்மா. மேட்டில் ஏற அப்பா எழுந்து நின்று மிதித்தார். செயின் கடக்கென்று பல்லைத் தாண்டிக் குதிக்க, பெடல் சும்மா சுற்றியது. எனக்கு முழங்கால் போயிற்று, அம்மாவுக்குப் பட்டுச்சேலை. அம்மா சேலையைத்தான் முதலில் பார்த்தாள்.

செயினும் பல்சக்கரமும் மாற்றி எட்டு மாதம்கூட ஆகவில்லை. தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அப்பா அடித்துப்போட்டது போல் தூங்கினார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மட்டமான சரக்கை மாட்டிவிட்ட சைக்கிள் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்குவதற்காக, என்னையும் கூட்டிக்கொண்டு வண்டியை உருட்டினாள்.

கடைக்காரர் பதிலுக்குக் கத்தவில்லை. பெடல் பல்சக்கரத்தில் படிந்திருந்த செயினை இரண்டு விரலால் இழுத்தார். அடியில் பல் பாதி தெரிந்தது. செயின் தேய்ந்து நீண்டுவிட்டதாம். பின்சக்கரத்துப் பற்களோ முள்ளாகக் கூர்ந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தன. பிறகு செயின் மசகை வழித்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

“அண்ணாச்சி இப்பவும் பஞ்சு மில்லுக்குத்தான போறாவ, மதினி?”

“பொறவு எங்க போவாவ?”

“மில்லு வண்டின்னா இதுல பஞ்சு ஒட்டியிருக்கும். இங்க பூரா சிமெண்டு. அதான் அம்புட்டுப் பல்லையும் அராவிருச்சு. கேரியரும் வளைஞ்சிருக்கு பாருங்க. மூட்டை ஏத்துன வண்டி இது.”

சண்டைக்கு வந்த அம்மா குனிந்தாள். கேரியரைக் கையால் தடவிப் பார்த்தாள். “எல்லாத்தையும் மாத்திருங்க” என்றாள், வேறு யாருடைய குரலிலோ.

சாயங்காலம் அப்பா எழுந்ததும் புதுச் செயினைப் பார்த்து, “கடைக்காரன் என்ன சொன்னான்?” என்று கேட்டார். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

“செயின் மட்டச் சரக்காம்” என்றாள் அம்மா.

“நானும் அதான் நெனச்சேன்” என்று அப்பா தேவைக்கு மேலேயே தலையாட்டினார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பொய் சொன்னேன் என்று முந்தின வாரம்தான் என்னை அடித்திருந்தாள். “சிமெண்டு…” என்று வாயைத் திறந்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

மறுநாளிலிருந்து அப்பாவின் தூக்குச்சட்டியில் சோறு அமுக்கி வைக்கப்பட்டது. மேலே அவித்த முட்டை ஒன்று. வழக்கம்போல மில் சங்குக்கு முன்பே அவர் கிளம்பிப் போனார். மில் வேலை போனதை மறைத்து, மாதக்கணக்காக ஊரில் யார் கண்ணிலும் படாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்கு சிமெண்டு மூட்டை சுமந்துகொண்டிருந்தார் என்பது பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு அது தெரியும் என்பது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

அன்று நான் முட்டை கேட்டு அழுதேன். அம்மா தரவில்லை. அவளுக்கு என்னைவிட அப்பாவைத்தான் பிடிக்கும் என்று முடிவுகட்டி, இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.