கண் திறக்காத படம்

செவ்வாய்க்கிழமை காலை சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, ஜெகதீசன் சார் போயிட்டாரு. மாலை போட அவரு படம் ஏதாவது இருக்கா?"

சங்க மண்டபச் சுவரில் தலைவர்களையெல்லாம் வரைந்து மாட்டியவருக்கு ஒரு படம் இல்லை.

காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் அவர் வரைவாளர், நான் ஃபிட்டர். பதினெட்டாம் நூற்றாண்டு ஹாலந்தின் உருவப்படங்கள் என்றால் அவருக்கு உயிர். பழைய புத்தகக் கடையில் வாங்கிய படத்தொகுப்பை நாள் முழுக்கப் பார்ப்பார். "அங்க மூஞ்சிய வச்சு ஆளை எடைபோடல அண்ணா. பொய்முடி, சட்டை, நாற்காலி. இதான் அந்தஸ்து" என்பார்.

அந்தப் பாணியிலேயே சங்கத் தலைவர்களை வரைந்தார். நாற்காலி என்னுடையது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பங்களா ஏலத்தில் என் தந்தை எடுத்த கருங்காலி நாற்காலி. ஒரு தலைவர் மே மாத வெயிலில் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். தொழிலாளி ஒருவரின் படமும் சுவரில் இருக்கட்டும் என்றேன். "உன் நாற்காலிதான் இருக்கே முனிசாமி, போதாதா?" என்று அந்தத் தலைவர் சிரித்தார்.

தன் படம் மாட்டிய மாதமே அந்தத் தலைவர் இறந்தார். அடுத்த தலைவர் தன் படத்துக்குச் சட்டம் போடுவதற்குள் போய்விட்டார். ஜெகதீசன் எப்போதும் கண்களைக் கடைசியில்தான் வரைவார். "அவரு கண்ணைத் திறந்தா ஆளு மூடிக்கிறான்" என்று பேச்சு கிளம்பியது. சுவரில் இடத்துக்குச் சண்டை போட்டவர்கள் அவரைக் கண்டால் ஒதுங்கினார்கள். சங்க மண்டபத்திலிருந்து நாற்காலி ஆட்டோவில் தனியாக என் அல்வால் வீட்டுக்குத் திரும்பியது.

பின்னாலேயே ஜெகதீசன் வந்தார். "நீங்களும் பயப்படறீங்களா அண்ணா?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "கோட்டு தேடட்டுமா?"

"நக்கோ, வேண்டாம். காக்கிச் சட்டையோட இருங்க."

முகம் வந்தது. தலைவர்கள் யாருக்கும் வரையாத கைகளை, தீக்காயத் தழும்புகளோடு எனக்கு வரைந்தார். கண்கள் மட்டும் பாக்கி. வாரக்கணக்கில் தள்ளிப்போட்டார். திட்டினேன். கடைசி ஞாயிற்றுக்கிழமை பென்சிலைச் சீவினார், காகிதத்தருகே கொண்டுபோனார், கீழே வைத்துவிட்டார்.

"ஊர் சொல்றத நீங்களுமா நம்பறீங்க?"

"நம்பல அண்ணா. ஆனா எனக்குன்னு நீங்க ஒருத்தர்தான் பாக்கி." வாசலில் திரும்பிப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை வரேன். கட்டாயம் முடிச்சிடலாம்."

செவ்வாய்க்கிழமை வந்தது அந்தத் தொலைபேசி அழைப்பு.

கண்ணில்லாத படத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்கிறாள் மகள். வேறு ஓவியரை வைத்து முடித்துத் தருகிறேன் என்கிறார் செயலாளர். இருவருக்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன். படத்தைக் கூடத்தில் மாட்டி, அதன் எதிரே நாற்காலியைப் போட்டிருக்கிறேன்.

போய் வாருங்கள் ஜெகதீசன். காக்கிச் சட்டையோடு அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.