வெள்ளியில் ஒரு சிறுநீரகம்

செவ்வாய்க்கிழமை காலை முற்றம் கூட்டிக்கொண்டு நின்றபோது, ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ எங்கள் ஒழுங்கையால் வந்தது. உருத்திரபுரம் பத்தர் அண்ணை காலமாகிவிட்டாராம். விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரிடம் தோடும் காப்பும் தாலிக்கொடியும் செய்வித்தவர்கள் உங்களில் பலர். நான் செய்வித்தது ஒரு சிறுநீரகம்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு சிறுநீரகம் கல்லினால் பழுதாகிவிட்டது, அதை எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு, கழுத்துக்குக் கீழே தொடை வரைக்கும் எல்லாம் வயிறுதான். உள்ளே இருப்பதைக் கழற்றினால் ஆள் தப்புமா? இவரை வெட்ட விடுவதில்லை என்று முடிவெடுத்து, ஒப்பரேசன் இல்லாமல் நோய் மாற வேண்டும் என்று எங்கள் கோயில் அம்மாளுக்கு நேர்ந்தேன். நேர்த்திக்கு வெள்ளியில் உருவம் செய்விக்கப் பத்தர் அண்ணையிடம் போனேன். கண், கை, கால், முழு ஆள் எல்லாம் அவரிடம் செய்தபடி இருக்கும்.

"அண்ணை, இவருக்கு வயித்துக்குள்ள வருத்தம். வயிறு ஒண்டு அடிச்சுத் தாங்கோ."

"வயிறு எண்டால் அது வீடு, தங்கச்சி. உள்ளுக்க ஆருக்குச் சுகமில்லை?"

"கிட்னியாம்."

"வலமோ, இடமோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்? அம்மாளாச்சிக்குத் தெரியுந்தானே!"

"அவாவுக்குத் தெரியும். அடிக்கப்போறது நானெல்லோ? போய்க் கேட்டுக்கொண்டு வா. அதுக்கு என்ன வேலை எண்டும் கேள். வேலை தெரியாத சாமானை நான் செய்யமாட்டன்."

அவரைத் திட்டித் திட்டித்தான் வீட்டுக்கு வந்தேன். அதுவரை மருத்துவர்களிடம் "ஓம் ஐயா" என்பதைத் தவிர நான் வேறொன்றும் பேசியதில்லை. அடுத்த கிளினிக்கில், இவர் வாய் திறக்க முதல் நான் கேட்டுவிட்டேன். அந்தப் பொடியன் மருத்துவர் சிரித்துக்கொண்டே குளிசை உறையில் படம் கீறினார். முள்ளந்தண்டின் இரு பக்கமும் முந்திரிக்கொட்டை மாதிரி இரண்டு. இரத்தத்தை வடித்துக் கழிவைப் பிரிப்பது அவற்றின் வேலை. பிரிந்தது குழாய் வழியே சிறுநீர்ப்பைக்கு இறங்கும். இவருக்கு இடப்பக்கக் குழாயைக் கல் அடைத்து, அந்தச் சிறுநீரகம் வேலையை விட்டுவிட்டது.

"வலது நல்லா இருக்கு அம்மா. ஆளுக்கு அது ஒண்டு போதும். பழுதானதை விட்டால்தான் கிருமி பிடிக்கும்."

"ஒண்டு போதுமோ ஐயா? உண்மையாப் போதுமோ?"

"கழட்டுறது என்ரயை. நீ ஏன் அழுறாய்?" என்றார் இவர்.

நேராகப் பத்தர் அண்ணையிடம் போனேன்.

"அப்ப இடத்தை அடிக்கிறதோ?"

"இல்லை அண்ணை, வலத்தை. இருக்கப்போறது அதெல்லோ, அதுதான் நல்லா இருக்கவேணும்."

அவர் சுத்தியலை வைத்துவிட்டுச் சிரித்தார். "இப்பதான் நீ ஓடர் தந்திருக்கிறாய்!"

உருவம் பார்க்க என் பேத்தி தன் புத்தகத்தை அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள், வகுப்பில் முதலாம் பிள்ளை. அதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

"உதில தொங்குறது என்ன பிள்ளை?"

"சிறுநீர்க்குழாய், தாத்தா."

"அதையும் வைப்பம். குழாய் இல்லாமல் தண்ணி எங்கால போறது?"

கோயிலில் ஐயர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "முந்திரிக்கொட்டைக்கும் நேர்த்தியோ?" என்றார். அவருக்கும் பின்னால் நின்ற சனத்துக்கும் அது செய்யும் வேலையை நான் சத்தமாகச் சொன்னேன். பிறகு கல்லீரல், பித்தப்பை என்று ஆட்கள் பத்தர் அண்ணையைத் தேடிப் போனார்கள். எல்லோரையும் முதலில் மருத்துவரிடம்தான் துரத்தினார். "கேட்டுக்கொண்டு வந்தால்தான் வெள்ளியைத் தொடுவன்" என்பார்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. பத்தர் அண்ணையின் செத்தவீட்டில் கதிரை இறக்கியது, பந்தல் கட்டியது எல்லாம் இவர்தான்.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது கேட்கும் துணிவு. செத்தவீடு முடிந்த பிறகு என் கிளினிக் நாள் வந்தது. என் இரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு மருத்துவர், "பயமில்லை அம்மா, இந்தக் குளிசையைப் போடுங்கோ" என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டு நின்றது. நான் எழும்பவில்லை. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன்.

"போடுறன் ஐயா. அது எங்க போய் என்ன செய்யும் எண்டு அவசரப்படாமல் ஆறுதலாச் சொல்லுங்கோ. கேட்டிட்டுத்தான் எழும்புவன்."