தை மழைக்கு ஒரு முடிச்சு

வெல்லாவெளிச் சந்தித் தேநீர்க்கடையில் கிளம்பும்போது அது சின்னக் கதையாகத்தான் இருந்தது. மேட்டுச் சோளன்காரன் வினாயகமூர்த்தி மழைக்கு நேர்த்தி வைத்திருக்கிறான், அவ்வளவுதான். மண்டூர்ப் பக்கம் போய்த் திரும்பி வந்தபோது, பிள்ளையாருக்கு வெள்ளிக்குடை செய்து தருவதாகப் பேச்சு என்றார்கள். அடுத்த சந்தையன்று, யானைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாட்சி வைத்துத்தான் கேட்டானாம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் யானையின் நிறத்தையும் சொன்னார்.

மெய் எது என்று பார்க்கப் போனால் முதலில் யானை கழன்றது. சோளனுக்குள் யானை வந்தால் வினாயகமூர்த்தி பட்டாசு கொளுத்துவானே தவிர பேச்சுவார்த்தை நடத்தமாட்டான். வெள்ளிக்குடையும் கழன்றது, அவன் வீட்டில் துணிக்குடையே கம்பி முறிந்துதான் கிடக்கிறது. மழை மட்டும் மெய். தை முடியும் தறுவாயில், அறுவடைக்கு நின்ற நெல், வட்டை என்கிற வயல்வெளி முழுவதும் படுத்துக் கிடந்து சாட்சி சொன்னது.

நேர்த்தி? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஐப்பசியில் எல்லாரையும் போலத்தான் அவனும் விதைத்தான். கார்த்திகை வெள்ளம் வந்து சோளன் முளைகளை மண்ணோடு வழித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. காலநிலை மாறிவிட்டது, விவசாயியும் மாற வேண்டும், பிந்தி விதையுங்கள் என்று சொல்லி ஆளுக்கொரு தொப்பியும் இரண்டு றோல்சும் கொடுத்தார்கள். றோல்சை எல்லாரும் சாப்பிட்டார்கள். புத்தியை எடுத்தவன் வினாயகமூர்த்தி ஒருவன்தான். மிச்சமிருந்த விதை முழுவதையும் மார்கழி தொடக்கத்தில் ஊன்றினான். இதுவும் போனால் கையில் ஒரு மணி இல்லை. அடுத்த மாரி வரைக்கும் மேடு வெறும் மேடு.

சோளன் நன்றாகத்தான் வளர்ந்தது. படைப்புழுவைக்கூட அவனும் மனைவி புஸ்பமும் குருத்துக் குருத்தாய்ப் பார்த்து நசுக்கினார்கள். ஆனால் பூக்கிற நேரத்தில் வானம் வாயை மூடிக்கொண்டது. இலைகள் சுருட்டாய்ச் சுருண்டன. பூக்கையில் ஈரம் இல்லாவிட்டால் கதிரில் மணி பிடிக்காது, பல் விழுந்த வாய்தான் மிஞ்சும். ஒரு மழை போதும். அதே கிழமை, கீழே வட்டையில் நெல் பொன்னாகி, வெட்டு மெசினுக்குச் சொல்லி வைத்துவிட்டு, ஒரு துளியும் விழக்கூடாது என்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மாறியவன் ஒருவன், மாறாத ஊர் ஒன்று, வானமும் ஒன்றுதான்.

உச்சி வெயிலில், ஆளில்லாத நேரம் பார்த்து, குளக்கட்டுப் பிள்ளையாரிடம் போனான். மஞ்சள் துணியில் காசை முடிந்து, பக்கத்து மரக்கொப்பில் கட்டினான். மழை தந்தால் ஒரு பானைப் பொங்கல் வைக்கிறேன் என்றான். கட்டிய பிறகுதான் கண்டான்: அதே கொப்பில் பெரிய முடிச்சு ஒன்று முன்பே தொங்கியது. மழை வேண்டாம் என்று வட்டைக்காரர் எல்லாருக்குமாக, வயல் தண்ணீருக்கும் பாதைக்கும் பொறுப்பான வட்டை விதானை கதிர்காமத்தம்பி கட்டியது. வினாயகமூர்த்தி குரலைத் தாழ்த்தி, சின்ன மழை போதும், மேட்டுக்கு மட்டும் பெய்தாலும் சரி என்று திருத்தம் போட்டான்.

பிள்ளையாருக்கு அவ்வளவு நுணுக்கமாகக் குழாய் திருகத் தெரியவில்லை. கொட்டித் தீர்த்தது. நெல் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே முளைத்தது. மேட்டில் தண்ணீர் தங்காத சோளன் மட்டும் வெட்கமில்லாமல் பச்சையாக நிமிர்ந்து நின்றது.

யாரோ கொப்பை அண்ணாந்து பார்த்து முடிச்சுகளை எண்ணிவிட்டார்கள். விதானையார் வீட்டுக்கே வந்தார். மேட்டிலிருந்து சோளன் ஏற்றி வர வட்டைக்குள்ளால் போகிற பாதை ஒன்றுதான், அதன் வாசலில் குறுக்கே போட்ட கடப்பு அவருடைய சொல்லுக்குத்தான் திறக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

"மூர்த்தி, மரத்தில ரெண்டு முடிச்சு இரிக்கி. ஒண்டு நாங்க கட்டின. மத்தது ஆரு கட்டின?"

வினாயகமூர்த்தி வானத்தைப் பார்த்தான். செய்வதையெல்லாம் செய்துவிட்டு அது நீலமாய் நின்றது. ஓம், நான்தான் என்றால் கதிர் மேட்டிலேயே உளுத்துப்போகும். இல்லை என்றால் பிள்ளையார் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுப்படியிலிருந்து புஸ்பம் சொன்னாள்: "அது நான் கட்டின, அண்ணன். மகளுக்கு ஒரு நல்ல இடம் சரிவரட்டும் எண்டு."

விதானையாரின் முகம் மாறிய விதத்தை வானிலைக்காரர்கூட முன்னறிவித்திருக்க முடியாது. குற்றப்பத்திரிகையோடு வந்தவர் வெற்றிலை போட்டுக்கொண்டு எழும்பினார்.

"அப்ப பாதையப் பத்தி நீ யோசிக்காத. மறுகா பேசுவம்."

மறுகா என்று போனவர் திரும்பி வந்தபோது கையில் வாழைக்குலை இருந்தது, கூடவே அவருடைய தங்கச்சியும் இருந்தாள். தங்கச்சியின் மகன் உதயரூபனுக்கு இரண்டு வெட்டு மெசின் சொந்தம், இந்தத் தையில் சேற்றில் புதைந்து கிடப்பதையும் சேர்த்து. பிள்ளையாரே காட்டிய இடம் என்று தங்கச்சி கண்ணீர் விட்டாள். வினாயகமூர்த்தி தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்று அவனுக்கே நிச்சயமில்லை.

மகள் தக்ஷாயினி கல்லடியில் தங்கிப் படிப்பிக்கிறாள். போனில் முழுவதையும் கேட்டாள்.

"அம்மா, சோளனுக்கு மழை கேட்டா எனக்கு மாப்பிள்ளையா பெய்யும்?"

பிறகு, யோசித்துச் சொல்கிறேன், அதுவரைக்கும் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேணும் என்றும் சொல்லவில்லை. பங்குனி முடிகையில் விதானையாரே முன்னின்று கடப்பை விலக்க, உழவு மெசின் பெட்டி நிறையச் சோளன் வட்டைக்குள்ளால் இறங்கி வந்தது. கதிரில் ஒரு பல்கூட விழவில்லை. வழி நெடுக, முளைத்துப்போன நெல்லை உழுது மடக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, சம்பந்தி வீட்டுச் சோளன் என்று வழிவிட்டார்கள். இருக்கையில் இருந்த வினாயகமூர்த்திக்கு அந்தப் பாதை அவ்வளவு ஒடுக்கமாக ஒருநாளும் தெரிந்ததில்லை.

பொங்கல் மட்டும் பாக்கி. இப்போது பானையை ஏற்றினால் புகை எழும்பும். புகை எழும்பினால் கலியாணம் சரி என்று ஊர் தாம்பூலத்தோடு வந்து நிற்கும். கலியாணத்துக்கு இல்லை என்றால் பிறகு எதற்கு என்று கேட்கும். பொங்கவும் வழியில்லை, பொங்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆவணியும் புரட்டாதியும் போயின. தக்ஷாயினி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். இந்த வருடப் பயிற்சி வகுப்பில் தொப்பி நிறம் மாறியிருந்தது, புத்தியும் மாறியிருந்தது: முந்தி விதையுங்கள் என்றார்கள். வினாயகமூர்த்தி முந்தி விதைத்தான். ஐப்பசி பாதி கடந்தும் மண் மாவாகப் பறந்தது. விதை உள்ளே கிடந்து எறும்புக்குக் காத்திருந்தது.

"இஞ்ச பாருங்க, ஒருக்காப் போய்க் கேட்டா என்ன?" என்றாள் புஸ்பம்.

"பழசக் குடுக்காமப் புதுசக் கேக்கச் சொல்றியா?"

"அப்ப அம்மன் கோயிலுக்குப் போவம்."

"மகன் தாயிட்டச் சொல்லியிருக்க மாட்டாரா?"

அன்று பின்னேரம் வினாயகமூர்த்தி, பிள்ளையார் இருக்கிற குளக்கட்டு வழியாகப் போகாமல், வயல் வரம்பால் சுற்றி மேட்டுக்குப் போனான்.