பென்சில் புள்ளி வைத்த முட்டைகள்

போன வாரம் எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, செக்கிங் டேபிளில் பனியனை எடுத்து முன்பக்கம் பார்த்தாள், சட்டென்று திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், கழுத்துப்பட்டியில் இருந்த சாக்பீஸ் கோட்டைத் துடைத்து அடுக்கினாள். கை அப்படி ஓடியது. சூப்பர்வைசர் என்கிற முறையில் நான் பாராட்டியிருக்க வேண்டும். எனக்கோ முதலை ஞாபகம் வந்துவிட்டது. பனியனைப் பார்த்து முதலை ஞாபகம் வருகிற ஒரே பைத்தியம் திருப்பூரில் நானாகத்தான் இருப்பேன்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அக்காவைக் கொமரலிங்கம் என்கிற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. என் இளவயதில் ஒரு வருடம் ஆர்டர் இல்லாமல் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். நாலு நாள் படுத்துக் கிடக்கலாமென்று அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானுக்கு யாரும் படுத்துக் கிடந்தால் ஆகாது. அந்த ஊருக்குப் பக்கத்து அணையோரம் இருந்த முதலைக் காப்பகத்தில் தினக்கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கையோடு கூட்டிப்போய் விட்டுவிட்டார். பாசியும் மீன் கழிவும் கலந்து அங்கே ஒரு வாடை வரும் பாருங்கள், சாயத் தண்ணீரை முகர்ந்து வளர்ந்த எனக்கே குமட்டியது.

முட்டை அறை செல்வியின் பொறுப்பில் இருந்தது. உள்ளூர்க்காரி, என்னைவிட ஐந்து வயது சின்னவள், பேச்சில் மட்டும் பெரிய மனுஷி. ஆற்றில் முதலை அனேகமாக இல்லாமல் போயிருந்த காலம் அது. தோலுக்காக அடித்துத் தீர்த்தது போக, மிச்சம் இருந்தவை கரையில் இட்ட முட்டைகளை நாயும் உடும்பும் தோண்டித் தின்றன. அதனால் இவர்கள் குழியைத் தேடிப் போய் முட்டைகளை எடுத்து வந்து, மணல் பெட்டியில் வைத்துப் பொரிக்கவிட்டு, குஞ்சுகளை வளர்த்து, நாரையும் நாயும் நெருங்க முடியாத அளவு ஆனதும் ஆற்றிலேயே விடுவார்கள். பெற்ற தாய்கூட இத்தனை பாடுபடுவாளா தெரியாது.

அந்த வருடம் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு குழி. இருபத்து நாலு முட்டை. மாசிக் கடைசி வெயிலில் செல்வி வாளியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஒரு குலுங்கல் இல்லாமல் நடந்து வந்தாள். முட்டைகளைத் தட்டில் இறக்கிவிட்டு, “நாய் கீய் வந்தறாம இங்கயே இருங்கக்கா, மணலைச் சலிச்சுட்டு வந்தர்றனுங்க” என்று போனாள்.

சும்மா உட்கார எனக்குக் கை வராது. பார்த்தால், ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பென்சில் புள்ளி. எங்கள் தொழிலில் கோடோ புள்ளியோ இருந்தால் அந்தப் பீஸ் ரிஜெக்ட். துடைத்துச் சுத்தமாக்கித்தான் அடுத்த டேபிளுக்குத் தள்ள வேண்டும். ஈரத்துணியை எடுத்தேன். துடைத்தேன். முன்பக்கம் பார்த்தவள் பின்பக்கம் பார்க்காமல் விடுவேனா? ஒன்று விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்து, இருபத்து நாலையும் வரிசையாக அடுக்கினேன். சபாஷ் வாங்கப் போகிற நினைப்பு வேறு.

செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். “ஏனுங்க, இதைய எதுக்குங்க தொடச்சீங்க?”

“அழுக்கா இருந்துச்சுல்லா.”

“திருப்பிப் போட்டீங்களா?”

தலையாட்டினேன். அவள் ஓடிவந்து தட்டைப் பிடித்தாள். “கோழி முட்டையின்னா திருப்போணுமுங்க. இது முதலைங்க. குஞ்சு மேல் ஓட்டோட ஒட்டியிருக்கும். கீழ மேல ஆச்சுன்னா உள்ளயே செத்துப் போயிருமுங்க. மேல் பக்கம் எதுன்னு தெரியத்தான் புள்ளி வெச்சது.”

ஒரு ஆற்றுக்கு அந்த வருடம் கிடைத்த மொத்தப் பிள்ளைகளையும் நான் ஒரே துணியால் துடைத்து எடுத்திருந்தேன். அழுதேன். “அழுவறதைப் பொறவு வெச்சுக்கலாமுங்க” என்று செல்வி கதவைச் சாத்தினாள். டார்ச்சை எடுத்தாள். குஞ்சு ஒட்டிய இடத்தில் ஓடு கொஞ்சம் கூடுதலாக வெளுத்திருக்குமாம். அதைக் கண்டுபிடித்தால் மேல் பக்கம் தெரிந்துவிடும்; உடனே பழையபடி வைத்தால் பிழைக்க வழி உண்டாம். முதல் முட்டையை அவள் வெகுநேரம் பார்த்தாள். “ஒண்ணும் தெரியலீங்களே” என்றாள்.

எனக்குத் தெரிந்தது. வெள்ளைப் பனியனில் வெளிர் கறை பார்த்தே பிழைத்த கண் இது. “இந்தா, இங்கன” என்று தொட்டுக் காட்டினேன். அவள் புள்ளி வைத்தாள். நான் காட்டக் காட்ட அவள் வைக்க, முடித்தபோது இரண்டு பேருக்கும் சேலை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அதிகாரியிடம் போய் நானே சொன்னேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன். என்னை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லாமல், “பொரியட்டுங்க, பாக்கலாம்” என்று செல்விதான் அவரைச் சாந்தப்படுத்தினாள்.

சித்திரை முடியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனி திறந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. ஒரு காலையில் மணலுக்குள்ளிருந்து விக்கல் மாதிரி சத்தம். தாய் வந்து தோண்ட வேண்டும் என்று குஞ்சுகள் உள்ளிருந்தே கூப்பிடுமாம். தாயின் இடத்தில் செல்வி மண்டியிட்டு விரலால் தோண்டினாள். அந்தக் கைப் பக்குவத்தை நான் எந்த டெய்லரிடமும் பார்த்ததில்லை. பதினேழு குஞ்சுகள் வந்தன. ஏழு வரவில்லை. அது என்னாலா, இயற்கையாகவா என்று செல்வி கடைசிவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவை வளர்ந்தபின் ஆற்றில் விட்ட நாளுக்கு, திருப்பூரிலிருந்து ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட்டோடு, பனியன் வெட்டி மிஞ்சிய துணியோடு, போனேன். முதலையைத் தூக்கும்போது வாயைக் கட்டப் பனியன் துணியைப் போலத் தோதான துணி கிடையாது, மூக்கை அறுக்காது. கரையில் கட்டை அவிழ்த்ததும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அதுவே பெருமையாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது காப்பகத்துக்கும் போனேன். முட்டை அறை இல்லை. இடித்து, தரை போட்டு, வண்டி நிறுத்துகிறார்கள். மணல் பெட்டி இல்லை, டார்ச் இல்லை. செல்வி நரைத்துப்போய் கேட்டில் நின்றாள். மனசு கனத்துப் போய், “என்ன செல்வி, எல்லாம் போயிட்டே” என்றேன்.

“போவட்டுமுங்க. இப்ப நாம எடுக்க வேண்டியதில்லீங்கக்கா” என்று கரையைக் காட்டினாள்.

தூரத்தில் மண்மேட்டின் மேல் ஒரு பெரிய முதலை வாயைப் பிளந்து படுத்திருந்தது. அடியில் முட்டைகள் இருக்கின்றன என்றாள். எத்தனை என்று யாருக்கும் தெரியாது. எண்ண யாரையும் அது விடாது.