லாஸ்பேட்டையில் விழுந்த பிறகு

யாரோ என் காலைப் பிடித்துத் தூக்கினார்கள். கால் உயர்வதைக் கண்ணால் பார்த்தேன். தூக்குவது எனக்குத் தெரியவில்லை. வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாந்து கிடந்தேன். வலி இடுப்புவரை இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ரெட்டியார்பாளையத்தில் சிறிய போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து என்று ஓடிக்கொண்டிருந்தவனை, மனைப்பிரிவு போடும் ஒரு நிறுவனம் ஊரை மேலிருந்து படமெடுக்கக் கூப்பிட்டது. அதற்காக வெளியூரிலிருந்து ஒரு சிறிய விமானத்தை வரவழைத்திருந்தார்கள். உள்ளே விமானி ராஜசேகரும் நானும் மட்டும். மனைவி மல்லிகாவிடம், "நம்ம வீட்டையும் மேலேர்ந்து புடிச்சுக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

லாஸ்பேட்டை ஓடுதளத்தை விட்டு எழும்பிய சற்று நேரத்தில் என்ஜின் திக்கியது. பிறகு நின்றேவிட்டது. காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. "கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றார் ராஜசேகர். முந்திரித் தோப்பில் மோதாமல் எப்படியோ தாண்டிவிட்டார். அப்புறம் தரை எங்கள்மேல் வந்து மோதியது.

கொல்லையில் வேலை செய்தவர்கள் ஓடிவந்து, கை கால்களைப் பிடித்து எங்களை ஜீப்பில் ஏற்றினார்கள். பதறி வந்த அந்த மனிதர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். முதுகில் அடிபட்டவரை மடக்கித் தூக்காதீர்கள். பலகையோ கழற்றிய கதவோ கிடைத்தால் அதில் படுக்கவைத்து, உடல் வளையாமல் கொண்டுபோங்கள்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் என் எக்ஸ்ரேயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்பில் ஒரு கண்ணி நொறுங்கித் தண்டுவடத்தை (மூளையையும் உடலையும் இணைக்கும் நரம்புக் கற்றை) அழுத்தியிருந்தது.

"நடப்பாரா டாக்டர்?" என்று மல்லிகா கேட்டாள்.

"நரம்பு அறுந்துபோவல, நசுங்கியிருக்குது. எவ்ளோ திரும்பும்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

அந்த உண்மை அப்போது கொடுமையாக இருந்தது. பின்னால் அதுவே எங்களுக்குப் பிடிமானமானது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாள் முழுவதும் கூரைதான். கதீட்டர் (சிறுநீர் வெளியேற உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டிருந்தார்கள். என் மூத்திரப் பையை மல்லிகா எடுத்துப்போய்க் கொட்டியபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். படுக்கைப் புண் (ஒரே பக்கம் அழுந்துவதால் தோல் அழுகி வரும் புண்) வராமலிருக்க அவள்தான் என்னைப் புரட்டிப் படுக்கவைத்தாள். கனமான பொருளை நகர்த்துவதுபோல முதலில் பயந்து, பிறகு பழகி.

ஒருநாள் ராஜசேகர் வந்தார். கையில் மாவுக்கட்டு, மறு கையில் சாத்துக்குடிப் பை.

"பெட்ரோல் வர்ற குழாய்ல வெடிப்பு. ப்ளேன் கம்பெனில மாத்துங்கன்னு எத்தினியோ தடவ சொன்னேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னே ஓட்டிட்டாங்க" என்றார்.

மல்லிகா எழுந்து நின்றாள். "தெரிஞ்சேதான் இவர ஏத்திக்கினு போனீங்களா?"

அவர் பையைக் கட்டிலோரம் வைத்தார். "அன்னிக்கும் தாங்கிடும்னு நெனச்சேம்மா."

அவள் சாத்துக்குடிப் பையை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். நான் அவரைத் திட்டவில்லை. போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

விசாரணையிலும் அதையேதான் சொன்னார்கள். பழுதான குழாய், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பராமரிப்பு. அதைக் கேட்டால் மனம் ஆறும் என்று காத்திருந்தேன். கேட்ட அன்றும் கதீட்டர் மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஒரு காலை ஈரத்துணியால் என் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மல்லிகா சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க, இப்ப வெரல ஆட்டுனீங்களா?"

"இல்லியே."

"ஆட்டுங்க, பாக்கலாம்."

வலது கட்டைவிரல் அசைந்தது. எனக்குத் தெரியாமல் அசைந்தது போய், நான் சொல்லி அசைந்தது. "சிஸ்டர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்துவிடவில்லை. பிசியோதெரபியில் (பயிற்சியால் தசைகளை மீட்கும் சிகிச்சை) கம்பிகளைப் பிடித்து நின்றபோது தலை சுற்றி விழுந்தேன். வீட்டுக்கு வந்தபிறகும் மாதக்கணக்கில் ஊன்றுகோல். முகூர்த்த நாட்களில் மல்லிகா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். முதலில் சிரித்தவர்கள் பிறகு அவளையே கேட்டு வந்தார்கள். என் வலது கால் ஏறக்குறைய திரும்பியது. இடது பாதத்தில் உணர்ச்சி வரவேயில்லை.

இப்போது என் உடல் தானாக நடப்பதில்லை. இடது பாதம் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறேன். சிறுநீர் முட்டுவது தெரியாது. கடிகாரம் பார்த்து எழுந்துபோகிறேன். முன்பு காலம் எனக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. இன்று அது என் உடம்புக்குள் இருக்கிறது, மெதுவாக, என் கண்ணெதிரே.

போன மாசியில் நோணாங்குப்பத்திலிருந்து படகில் போய்க் கடலோர மணலில் இறங்கினோம். மல்லிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றேன். நுரை எங்கள் நான்கு பாதங்களையும் மூடியது.

"தண்ணி சில்லுனு இருக்குதா?" என்றாள்.

"ஒரு கால்ல மட்டும்."

அவள் என் இடது பாதத்தை ஒட்டித் தன் பாதத்தை வைத்துக்கொண்டாள்.

"இங்கயும் சில்லுனுதான் இருக்குது" என்றாள்.